பூட்டு இங்கே, சாவி எங்கே?

2007ம் வருடம், பிப்ரவரி மாதம். ஹவாய்த் தீவிலிருந்து ஜப்பானின் ஒகினாவாவை நோக்கிச் சில எஃப்-22 ராப்டர் போர் விமானங்கள் கிளம்பின. அமெரிக்க விமானப்படையின் செல்லப்பிள்ளை அது. ரேடார் கண்ணில் லேசில் சிக்காது. ஒன்றின் விலை சுமார் 15 கோடி டாலர். அமெரிக்காவை விட்டு ஒரு வெளிநாட்டுத் தளத்துக்கு ராப்டர் போய் இறங்கப்போவது அதுதான் முதல் தடவை.

பசிபிக் சமுத்திரத்துக்கு நடுவே ஒரு கோடு உண்டு. சர்வதேசத் தேதிக்கோடு. தண்ணீரில் யாரும் கிழித்து வைக்கவில்லை. வரைபடத்தில் மட்டும் இருக்கிற கோடு. கிழக்கிலிருந்து மேற்கே அதைத் தாண்டினால் ஞாயிற்றுக்கிழமை சட்டென்று திங்கட்கிழமை ஆகிவிடும். விமானங்கள் தாண்டின. தாண்டியதும் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன.

வழிகாட்டும் கருவி போச்சு. தகவல் தொடர்பிலும் தகராறு. அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள். ம்ஹூம்.

நல்லவேளையாக, நடுவானில் பெட்ரோல் ஊற்றுவதற்காக டேங்கர் விமானங்கள் கூடவே வந்துகொண்டிருந்தன. திருவிழாக் கூட்டத்தில் அண்ணன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற சின்னப் பையன் மாதிரி, டேங்கர்களின் பின்னாலேயே ராப்டர்கள் ஹவாய்க்குத் திரும்பி வந்து சேர்ந்தன. எதிரி ஒரு குண்டு போடவில்லை. வேலையைக் காட்டியது சாஃப்ட்வேர்.

ஒரு வாரத்துக்குள் சரிசெய்து ஒகினாவாவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் நாம் கவனிக்கவேண்டிய விஷயம் வேறு. இன்றைய போர் விமானம் என்பது இறக்கை முளைத்த கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற சாஃப்ட்வேரில் கை வைக்கவேண்டும் என்றால் யாரிடம் போவது? காசு கொடுத்து வாங்கியவர் திறந்து பார்க்கமுடியுமா? எழுதிய கம்பெனிதான் வந்தாகவேண்டுமா?

உங்கள் வீட்டு மிக்ஸி ஜார் உடைந்துவிடுகிறது என்று வையுங்கள். எதிர்வீட்டு ஜார் பொருந்துமா? பெரும்பாலும் பொருந்தாது. அதே கம்பெனி, அதே மாடல்தான் வேண்டும். மாடலை நிறுத்திவிட்டார்களா? ஒரு ஜாருக்காகப் புது மிக்ஸி. ஆனால் பல்பு அப்படியா? எந்தக் கம்பெனி பல்பானாலும் உங்கள் ஹோல்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும். காரணம், பல்புக்கும் ஹோல்டருக்கும் நடுவே எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு தரம் இருக்கிறது. மிக்ஸி ஜாருக்கு அது இல்லை.

அரை நூற்றாண்டாக அமெரிக்க ராணுவம் தன்னுடைய விமானங்களை மிக்ஸி ஜாதியிலிருந்து பல்பு ஜாதிக்கு மாற்றப் படாத பாடு படுகிறது. அந்தக் கதைதான் இது.

முதலில் ஒயரிலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.

ஒரு காலத்தில் விமானத்துக்குள் ஒவ்வொரு கருவியும் இன்னொரு கருவியோடு தனித்தனி ஒயர் போட்டுப் பேசிக்கொண்டிருந்தது. ரேடாரிலிருந்து திரைக்கு ஒரு கட்டு. வழிகாட்டும் கருவியிலிருந்து ஆயுதப் பலகைக்கு ஒரு கட்டு. கருவி கூடக் கூட ஒயரும் கூடியது. எடை ஏறியது. ஒன்றை மாற்றினால் நாலு இடத்தில் பிரிக்கவேண்டியிருந்தது.

1973ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மில்-ஸ்டாண்டர்ட் 1553 என்று பெயர். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக ஒரே தடம். அதற்கு 'பஸ்' என்று பெயர். ஒன்று அறுந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று கூடவே ஒரு மாற்றுத் தடம். பஸ்ஸுக்கு ஒரு வாத்தியார் உண்டு. அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் மாணவன் எழுந்து பதில் சொல்லலாம். அதிகபட்சம் 31 மாணவர்கள். குறுக்கே பேசினால் ஒப்புக்கொள்ளமாட்டார். வேகம் விநாடிக்குப் பத்து லட்சம் பிட். உங்கள் வீட்டு இன்டர்நெட்டோடு ஒப்பிட்டால் மாட்டு வண்டி. ஆனால் நம்பகமான மாட்டு வண்டி. எஃப்-16ல் முதலில் மாட்டினார்கள். 1978ல் வந்த அதன் திருத்தப்பட்ட வடிவமான 1553பி, இன்று வரைக்கும் உலகெங்கும் பறந்துகொண்டிருக்கிறது.

பிரச்னை தீர்ந்ததா? பாதிதான்.

1553, எப்படிப் பேசவேண்டும் என்று சொன்னது. என்ன பேசவேண்டும் என்று சொல்லவில்லை. ரேடார் அனுப்பிய எண் 500 என்றால் அது மீட்டரா, அடியா, டிகிரியா? அதை ஒவ்வொரு விமானத்துக்கும் தனியாக உட்கார்ந்து முடிவு செய்தார்கள். ஒரு விமானத்துக்காக எழுதிய சாஃப்ட்வேர் இன்னொன்றில் ஊமையாகிவிடும்.

போதாக்குறைக்கு இன்னொரு கூத்து. எழுபதுகளில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை கணக்கெடுத்துப் பார்த்தது. அதன் திட்டங்களில் 450க்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர் மொழிகள் புழங்கிக்கொண்டிருந்தன! சில மொழிகள் ஒரே ஒரு திட்டத்துக்காகப் பிறந்தவை. அந்தத் திட்டத்தின் ஆட்கள் வேலையை விட்டுப் போனால் மொழி தெரிந்தவர் கிடையாது. துறை சாஃப்ட்வேருக்குச் செலவழித்துக்கொண்டிருந்ததோ அன்றைய மதிப்பிலேயே வருடத்துக்கு சுமார் 300 கோடி டாலர்.

1975ல் ஒரு குழு போட்டார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரே மொழி வேண்டும். அந்த மொழிக்கு என்னென்ன லட்சணம் வேண்டும் என்று எழுதிய ஆவணத்துக்கு 'வைக்கோல் மனிதன்' என்று பெயர் வைத்தார்கள். திருத்தத் திருத்த அவர் மர மனிதன், தகர மனிதன், இரும்பு மனிதன் என்று தேறி, 1978ல் 'எஃகு மனிதன்' ஆனார். போட்டிக்கு வந்த நாலு குழுக்களுக்கும் பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள் என்று நிறங்களால் பெயர். யார் எந்தக் கம்பெனி என்று நீதிபதிகளுக்குத் தெரியக்கூடாதாம். 1979ல் பச்சை ஜெயித்தது. திரையை விலக்கிப் பார்த்தால், அமெரிக்க ராணுவத்துக்கான மொழியை வடிவமைத்தது ழான் இக்பியா தலைமையிலான பிரெஞ்சுக் குழு!

மொழிக்கு 'அடா' என்று பெயர் வைத்தார்கள். நம் ஊர் 'அடா' இல்லை. கவிஞர் பைரனின் மகள் அடா லவ்லேஸ். 1843லேயே, கட்டி முடிக்கப்படாத ஓர் இயந்திரத்துக்குக் கணக்குப் போடும் வழிமுறையை எழுதி வெளியிட்டவர். தரத்துக்கு வைத்த எண் 1815. அடா பிறந்த வருடம். ஒப்புதல் கொடுத்த நாள் 1980 டிசம்பர் 10. அடாவின் பிறந்தநாள். ராணுவத்துக்காரர்களுக்கும் ரசனை உண்டு.

ஒரே மொழி வந்துவிட்டது. இனிமேல் ஓரிடத்தில் எழுதியதை இன்னோரிடத்தில் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். காசு மிச்சம். சரிதானே?

இங்கேதான் பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்துக்கு ஒரு நடை போய்வரவேண்டும்.

1996 ஜூன் 4. ஐரோப்பாவின் புத்தம்புது ராக்கெட்டான ஏரியான்-5 முதல்முறையாகக் கிளம்புகிறது. தலையில் நாலு ஆராய்ச்சி செயற்கைக்கோள்கள். திசை காட்டும் கருவியில் ஓடிய சாஃப்ட்வேர் புதிதல்ல. முந்தைய ஏரியான்-4ல் ஒழுங்காக ஓடியது. எழுதிய மொழி அடா. 'நல்லாத்தானே ஓடிச்சு, எதுக்கு மாத்தணும்?' என்று அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள்.

ஏரியான்-5 தன் அண்ணனைவிட வேகக்காரன். பக்கவாட்டு வேகத்தைக் குறிக்கிற ஓர் எண், அதற்கு ஒதுக்கிய சின்ன டப்பாவுக்குள் அடங்கவில்லை. அந்த டப்பா 32,767 வரைதான் கொள்ளும். எண் வழிந்தது. கருவி செத்தது. மாற்றுக் கருவி இல்லையா? இருந்தது. அதிலும் அதே சாஃப்ட்வேர். அது ஒரு கண்சிமிட்டல் முன்னதாகவே செத்துப்போயிருந்தது. சாகும்போது கருவி உளறியதை ராக்கெட்டின் பிரதான கம்ப்யூட்டர் உண்மையான திசைத் தகவல் என்று நம்பி, ராக்கெட்டை ஒரேயடியாக ஒடித்துத் திருப்பியது. எஞ்சின் பற்றவைத்த நாற்பது விநாடிக்குள் எல்லாம் தூள் தூள்.

இதில் வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? கணக்கில் சறுக்கிய அந்தப் பகுதிக்கு, ராக்கெட் தரையை விட்டுக் கிளம்பிய பிறகு வேலையே கிடையாது. ஏரியான்-4ன் தேவைக்காக ஓடிக்கொண்டிருந்த பழைய பழக்கம், புது வீட்டுக்கும் மூட்டையோடு மூட்டையாக வந்துவிட்டது.

பாடம் இதுதான். சாஃப்ட்வேரை எடுத்து இன்னோர் இடத்தில் வைத்தால் மட்டும் போதாது. அது எதையெல்லாம் நம்பிக்கொண்டிருக்கிறது என்பதையும் கூடவே எழுதி அனுப்பவேண்டும். எவ்வளவு வேகம், என்ன அலகு, எந்தத் திசையிலிருந்து அளந்தது, எவ்வளவு பெரிய எண் வரலாம். மூன்று வருடம் கழித்து, 1999ல், பவுண்டுக்கும் நியூட்டனுக்கும் நடந்த குழப்பத்தில் நாசா ஒரு செவ்வாய்க் கலத்தையே தொலைத்தது. அதுவும் இதே கதையின் இன்னோர் அத்தியாயம்.

மறுபடி போர் விமானத்துக்கு வருவோம். அடாவைக் கட்டாயமாக்கிய உத்தரவை 1997ல் அமெரிக்கா விலக்கிக்கொண்டது. எஃப்-22ன் சாஃப்ட்வேரில் பெரும்பகுதி அடா. அதற்கப்புறம் வந்த எஃப்-35ல் பெரும்பகுதி சி++. இரண்டையும் உருவாக்கியது லாக்ஹீட் மார்ட்டின்தான். வேடிக்கை என்னவென்றால், எதிரிக்குத் தெரியாமல் ரகசியமாகப் பேசிக்கொள்ள எஃப்-22ல் வைத்த ரேடியோ முறை வேறு, எஃப்-35ல் வைத்தது வேறு. அக்காவுக்குத் தெலுங்கு. தங்கைக்குக் கன்னடம். ஒரே வீடு!

இன்னொரு பக்கம் வயசுப் பிரச்னை. ஒரு விமானம் நாற்பது ஐம்பது வருடம் பறக்கும். கடைசி பி-52 குண்டுவீச்சு விமானத்தைக் கட்டி முடித்தது 1962ல். இன்னமும் பறக்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் சில்லுக்கு ஆயுசு சில வருடம். எஃப்-22க்காகத் தேர்ந்தெடுத்த இன்டெல் ஐ960, எண்பதுகளின் சரக்கு. விமானம் படையில் சேர்ந்ததோ 2005 டிசம்பரில். சில்லை மாற்றலாம்தான். ஆனால் சாஃப்ட்வேர் அந்தச் சில்லோடு பின்னிப் பிணைந்து எழுதப்பட்டிருந்தால்? எல்லாவற்றையும் மறுபடி எழுதி, மறுபடி சோதித்து, மறுபடி சான்றிதழ் வாங்கவேண்டும். செலவு முழுக்க அங்கேதான்.

2010 வாக்கில் நிலைமை எப்படி இருந்தது என்றால், கற்பனையாக ஓர் உரையாடல்.

'எங்க ஹெலிகாப்டர்ல நகரும் வரைபடம் வேணும்.'

'பண்ணிடலாம் சார். இத்தனை கோடி, இத்தனை வருஷம்.'

'போன வருஷம்தானே கடற்படைக்குப் பண்ணிக் கொடுத்தீங்க?'

'அது வேற ஹெலிகாப்டர் சார்.'

'வரைபடம் ஒண்ணுதானே?'

'வரைபடம் ஒண்ணுதான் சார். வயரிங் வேற.'

ஒரே வேலைக்கு ஒரே அரசாங்கம் திரும்பத் திரும்பப் பணம் கட்டிக்கொண்டிருந்தது. எழுதிய கம்பெனியைத் தவிர வேறு யாரும் உள்ளே நுழையமுடியாது என்பதால் பேரம் பேசவும் வழியில்லை. பூட்டு அரசாங்கத்தினுடையது. சாவி மட்டும் கம்பெனியின் இடுப்பில்.

2010 ஜூனில் அமெரிக்கக் கடற்படை, ராணுவம், விமானக் கருவிக் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை ஆரம்பித்தன. 'ஓப்பன் குரூப்' என்கிற தர அமைப்பின் கூரைக்குக் கீழே. பெயர், ஃப்யூச்சர் ஏர்போர்ன் கேபபிலிட்டி என்விரான்மென்ட். சுருக்கமாக 'ஃபேஸ்'. ஒருவரோடொருவர் முட்டி மோதுகிற கம்பெனிகள் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, 2012ல் முதல் தரத்தை வெளியிட்டார்கள். 2017ல் மூன்றாவது பதிப்பு.

விஷயம் சிக்கலானதில்லை. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அஸ்திவாரம், கம்ப்யூட்டரும் அதன் இயக்க மென்பொருளும். அதற்கு மேலே குழாய், ஒயர் வேலை. அதாவது ரேடாரோடும் ரேடியோவோடும் நேரடியாகப் பேசுகிற பகுதி. நடுவே ஒரு தபால்காரர். யார் எழுதிய கடிதமானாலும் உரியவரிடம் சேர்ப்பார். மேலே குடித்தனக்காரர்கள். வரைபடம் காட்டுகிற சாஃப்ட்வேர், வழி சொல்கிற சாஃப்ட்வேர் எல்லாம் அங்கே. குடித்தனக்காரருக்குக் கீழே எந்தக் கம்பெனி பைப் என்று தெரியவேண்டிய அவசியமே இல்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவேண்டும். அவ்வளவுதான். நாளைக்கே சாமானைக் கட்டிக்கொண்டு இன்னொரு விமானத்துக்குக் குடிபோனால், அங்கேயும் அதே இடத்தில் அதே பிளக் பாயிண்ட் இருக்கும்.

குடித்தனக்காரர்களுக்கு நடுவே கனமான சுவரும் உண்டு. பயணி விமானங்களுக்காகத் தொண்ணூறுகளில் உருவான 'ஏரிங்க் 653' என்கிற தரத்திலிருந்து வாங்கிக்கொண்டது அது. ஒவ்வொருவருக்கும் இவ்வளவு இடம், இவ்வளவு நேரம். ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அடுத்த வீட்டுக்குப் பரவாது.

ஏரியான் சொல்லிக்கொடுத்த பாடத்தையும் மறக்கவில்லை. யார் எந்த எண்ணை அனுப்பினாலும், அதன் அலகு என்ன, எங்கிருந்து அளந்தது என்று பொது இலக்கணப்படி எழுதி வைத்தாகவேண்டும். சும்மா 500 என்று அனுப்ப முடியாது. சொன்னதைச் செய்திருக்கிறார்களா என்று சோதிக்க வெளி ஆய்வகங்கள். தேறினால்தான் முத்திரை. 2016ல் முதல் முத்திரை வாங்கியது எது தெரியுமா? ஒரு நகரும் வரைபட சாஃப்ட்வேர்!

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். திறந்த தரம் என்றால் ராணுவ ரகசியத்தையும் திறந்து வைப்பதா? இல்லை. பல்பு ஹோல்டரின் அளவு எல்லோருக்கும் தெரியும். உங்கள் வீட்டுப் பல்பு வெளிச்சத்தில் நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்பது யாருக்கும் தெரியாது.

ஆனால் தரம் எழுதுவது சுலபம். கடைப்பிடிக்க வைப்பதுதான் கஷ்டம். கம்பெனிக்கு விமானம் விற்பதில் வருகிற லாபத்தைவிட, அதைப் பராமரிப்பதில் வருகிற தொடர் வருமானம் இனிக்கும். சாவியைக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? கடைசியில் சட்டம் வந்தது. 2019 ஜனவரிக்கு அப்புறம் தொடங்குகிற பெரிய ஆயுதத் திட்டங்கள் எல்லாம், பாகம் பாகமாகப் பிரித்து மாற்றக்கூடிய திறந்த முறையில்தான் இருக்கவேண்டும். அதே மாதத்தில் ராணுவம், கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றின் செயலர்களும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள். 'ஃபேஸ்' முதலிய தரங்களைப் பயன்படுத்தச் சொல்லி.

சும்மா சம்பிரதாயம் என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். 2022 டிசம்பர் வந்தது. பிளாக் ஹாக் ஹெலிகாப்டருக்கு வாரிசு தேடும் போட்டி. ஒரு பக்கம் பெல் கம்பெனி. இன்னொரு பக்கம் பிளாக் ஹாக்கைக் கட்டிய சிகோர்ஸ்கியே, போயிங்கோடு கைகோர்த்து. பெல்லின் விலை சுமார் 809 கோடி டாலர். சிகோர்ஸ்கியின் விலை சுமார் 445 கோடி. ஏறக்குறைய பாதி! ஜெயித்தது பெல்.

சிகோர்ஸ்கி கொதித்துப்போய் மேல்முறையீடு செய்தது. 2023 ஏப்ரலில் அதைத் தள்ளுபடி செய்த தணிக்கை அலுவலகம் சொன்ன காரணத்தைக் கேளுங்கள். ஹெலிகாப்டருக்குள் எந்த வேலையை எந்தப் பாகம் செய்யும், எதை எங்கே பிரிக்கலாம் என்கிற உள்கட்டமைப்பு விவரத்தைக் கேட்ட அளவுக்குக் காட்டவில்லை. அந்த ஒரு பாடத்தில் ஃபெயில். ஃபெயில் என்றால் விலையைப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை.

சாவி எங்கே என்று காட்டாததால் பல நூறு கோடி டாலர் ஒப்பந்தம் கைநழுவிப் போனது, விமான உலகத்துக்குப் புதுசு.

இதனாலெல்லாம் பொற்காலம் பிறந்துவிட்டது என்று சொல்லவில்லை. எஃப்-35க்குப் புதுக் கம்ப்யூட்டர் தொகுப்பு வந்தபோது, அதற்கான சாஃப்ட்வேர் தயாராகவில்லை என்று 2023 ஜூலையிலிருந்து 2024 ஜூலை வரை, ஒரு முழு வருடம், அப்படிக் கட்டி முடித்த விமானங்களை வாங்கிக்கொள்ளாமல் நிறுத்தி வைத்தார்கள். பழைய பாவங்கள் லேசில் கரையாது. ஆனால் எதிர்பாராத மூலையிலிருந்து நல்ல சேதியும் வந்தது. 2021ல் யு-2 என்கிற உளவு விமானத்தில் திறந்த தரத்தில் அமைந்த ஒரு பெட்டியை ஏற்றினார்கள். அது எஃப்-22க்கும் எஃப்-35க்கும் நடுவே மொழிபெயர்த்தது. அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டார்கள். யு-2 முதலில் பறந்தது 1955ல். பேத்திகளுக்கு நடுவே பாட்டி துபாஷி!

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு சோதனை. அமெரிக்கா தடை போட்டது. அப்போது தேஜஸ் விமானத்தைப் பறக்கவைக்கும் கட்டுப்பாட்டு சாஃப்ட்வேருக்காக நம் பொறியாளர்கள் அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பிப் போ என்று அனுப்பிவிட்டார்கள். பெங்களூரில் உட்கார்ந்து நாமே எழுதி முடித்தோம். 2001 ஜனவரி 4 அன்று தேஜஸ் பறந்தது. சாவி அடுத்தவரிடம் இருந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அதே காலகட்டத்தில் ரஷ்யாவின் சுகோய்-30ஐ நமக்கேற்ற மாதிரி மாற்றி வாங்கினோம். எம்கேஐ என்று பெயர். ரஷ்ய ரேடார். பிரெஞ்சுக் கருவிகள். இஸ்ரேல் கருவிகள். இத்தனை நாட்டுக்காரர்களையும் ஒரே விமானத்துக்குள் பேசவைத்த தடம், நாம் ஏற்கெனவே பார்த்த அந்த மாட்டு வண்டிதான். 1553பி. எல்லோருக்கும் தெரிந்த தரம் என்பதால்தான் இது சாத்தியம். நடுவில் உட்கார்ந்து வேலை வாங்குகிற மிஷன் கம்ப்யூட்டரை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. நம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமே செய்தது.

அந்தத் திட்டத்துக்கு வைத்த பெயர், வெற்றிவேல்.